செத்தது குதிரை, சாட்சி கோழி

“கோழி சாகலீங்க அம்மணி. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

கேட்டவர் நவநீதகிருஷ்ணன். நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகிற வழியில் லட்சம் முட்டைக்கோழி வைத்திருக்கும் பண்ணைக்காரர். சொந்தத் தீவன மில், சொந்த லாரி, சொந்தக் குதிரை லாயம். சொந்த மூளை மட்டும்தான் எங்கேயோ குத்தகைக்குப் போயிருந்தது. அப்படித்தான் அந்த நிமிஷம் நான் நினைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

நான் சந்திரசேகர். ஆத்தூர்ப் பக்கம். துப்பறியும் மோகனப்பிரியா மேடத்துக்கு உதவியாளன். அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு டயர் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். இந்தத் தொழிலுக்கு வருமுன் மேடம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக டாக்டர்களின் வாசலில் பையோடு நின்றவர். அங்கே இரண்டு விஷயம் சம்பாதித்தார். மருந்துகளைப் பற்றிய அறிவு ஒன்று, பெரிய மனிதர்கள் மேல் இளக்காரம் ஒன்று. இரண்டாவது எனக்கும் தொற்றிக்கொண்டது.

“முதல்ல இருந்து சொல்லுங்க,” என்றார் மேடம்.

முதலாளி தன் பங்களாக் கூடத்தில் நின்றபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அவருடைய பந்தயக் குதிரை ‘துரை’ முந்தாநாள் விடியற்காலை செத்துப்போயிற்று. வேலூர்ப் பந்தயத்துக்கு இன்னும் ஒரே வாரம். குதிரைக்குத் தீவனம் வைப்பது, தண்ணீர் காட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் கந்தன் என்ற வேலையாள். பந்தயத்தில் முதலாளிக்கு எதிரி சபரிநாதன். போன வாரம் சபரிநாதனின் டிரைவரோடு கந்தன் டீ குடித்திருக்கிறான். எனவே கந்தன்தான் கொலைகாரன். ஒரு டீயில் ஒரு கொலையை முடித்துவிட்டார் மனுஷன்.

“விஷம்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

“திடகாத்திரமான குதிரைங்க. சும்மா சாகுமா? துரை தின்னது போக மிச்சத் தீவனம் கிடந்துச்சு. அப்படியே வாரி நாட்டுக்கோழிங்களுக்குப் போடச் சொன்னேன். இன்ஸ்பெக்டரும் நின்னு பார்த்து ரிப்போர்ட்ல எழுதிக்கிட்டாரு. ஒரு கோழி, ஒரே ஒரு கோழி சுணங்கோணுமே? ஊஹூம். அப்பத் தீவனத்துல விஷம் இல்ல. தண்ணி எல்லாத்துக்கும் ஒரே தொட்டி. மிச்சம் என்னங்க? ஊசிதான். கிட்டப் போய் ஊசி போடறதுக்குத் துரை யாரை உடும்? கந்தனைத்தான்.”

“ஊசி கிடைச்சுதா?”

“அவன் ஊட்டு ஓட்டுல செருகி வெச்சிருந்தானுங்க.”

“மருந்து?”

“மருந்து இல்லீங்க. வெறும் ஊசி. சித்தே துருப்புடிச்சது.”

“மேடம், துரு பட்டே செத்திருக்குமோ?” என்றேன். மேடம் என்னைப் பார்க்காமலே காலை மிதித்தார்.

“போஸ்ட்மார்ட்டம் பண்ணீங்களா?”

முதலாளியின் முகம் உருகிவிட்டது. “குதிரைக்கு எதுக்குங்க அம்மணி அதெல்லாம்? ஆசையா வளர்த்த சீவன். கிழிச்சுப் போட மனசு கேக்கல. அன்னைக்கே ஜேசிபி வெச்சுக் குழி தோண்டி மரியாதையா அடக்கம் பண்ணிப்போட்டேன்.”

தினம் கூடை கூடையாகக் கோழி சாவதைப் பார்க்கிறவருக்கு வந்த மென்மையைக் கண்டு எனக்குக் கண் கலங்கவில்லை. மேடம் மட்டும் ‘ம்’ என்றார். அந்த ‘ம்’மை நான் அறிவேன். எதிரில் இருப்பவரைத் தராசில் ஏற்றிவிட்டார் என்று அர்த்தம்.

“கந்தன் இப்ப எங்கே?”

“ஸ்டேஷன்ல. நேத்து சாயங்காலம் இன்ஸ்பெக்டர் தங்கசாமி தூக்கிட்டுப் போனாரு. இன்னைக்குப் பொழுதுக்குள்ள கோர்ட்டுல நிறுத்திருவாங்க. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அவனை ஏவி உட்டது சபரிநாதன்னு நிரூபிச்சுக் குடுத்துட்டீங்கன்னா போதும்.”

என்ன வேலை, என்ன பதில் எல்லாம் அவரே வைத்திருந்தார். எங்கள் கையெழுத்துதான் பாக்கி.

“முதல்ல சாட்சிகளைப் பார்க்கணும்,” என்றார் மேடம்.

“எந்தச் சாட்சிங்க?”

“கோழிகள்.”

சாட்சிகள் பங்களாவுக்குப் பின்னால், பொடக்காலியில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. எல்லாம் கொழுகொழு. ஒரு சேவல் என் ஷூவைக் கொத்திப் பார்த்து, தேறாது என்று விட்டுவிட்டது. மேடம் குனிந்து தரையைப் பார்த்தார். கொட்டிய தீவனத்தில் ஒரு பொடிகூட மிச்சமில்லை.

“ரொம்ப ருசியா இருந்திருக்கும் போலிருக்கு,” என்றார்.

“என் தீவனமுங்க. கோழி உடுமா?” என்றார் முதலாளி பெருமையாக. சொன்ன பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டார். எனக்கு அதில் ஒன்றும் படவில்லை. மேடத்துக்குப் பட்டிருக்கிறது.

அதற்குள் வாசலில் போலீஸ் பைக் ஒன்று வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் சாப்பிட வந்திருந்தார். ஒரு மனிதனை உள்ளே வைத்துவிட்டுப் புகார் கொடுத்தவர் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடுவதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. “நீங்க லாயத்தைப் பார்த்துட்டு வாங்க,” என்று எங்களை அனுப்பிவிட்டு முதலாளி விருந்தாளியைக் கவனிக்க ஓடினார்.

லாயத்தில் இரண்டு கொட்டடி. ஒன்று காலி. அடுத்ததில் மைனா என்ற பெட்டைக் குதிரை நின்றது. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை. முன்னால் பச்சைப் புல்கட்டு, ஒரு வாளியில் ஊற வைத்த கொள்ளு. மேடம் காலியான தீவனத் தொட்டிக்குள் தலையை விட்டு மோந்தார்.

“பினாயில்.”

“சுத்தமான மனுஷர்,” என்றேன்.

“ரெண்டு தொட்டியிலயும்,” என்றார் மேடம், மைனாவின் தொட்டியையும் மோந்துவிட்டு.

லாயத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அது கந்தன் வீடு. உள்ளே அவன் மனைவி ராமாயி பாத்திரம் பண்டங்களை ஒரு சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“மொதலாளி அனுப்பிச்சாருங்களா? பொழுது உழுகறதுக்குள்ள காலி பண்ணச் சொன்னாரு. பண்ணிக்கிட்டுத்தான் இருக்கறனுங்க.”

“நாங்க அதுக்கு வரலைம்மா. துரைக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க வந்தோம்,” என்றார் மேடம், அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து.

பெரிய மனிதர்கள் வீட்டு சோபாவில் நுனியில் உட்காருகிறவர், இப்படிப்பட்ட இடத்தில் சம்மணம் போட்டு உட்காருவார். ராமாயியும் மெல்ல உட்கார்ந்தாள்.

“என்னத்தச் சொல்லட்டுமுங்க சாமி? முதல்ல தீனிய மோந்து பாத்துட்டு ஒதுங்கிக்கிச்சு. அப்பறம் ஒடம்பெல்லாம் வேத்து ஊத்துச்சு. பின்னங்காலு ரெண்டும் வெடவெடன்னு நடுங்குச்சுங்க. மூத்தரம் பாத்தீங்கன்னா காப்பித் தண்ணியாட்டக் கறுப்பா வந்துச்சு. இவரு போயி மொதலாளி கால்ல உழுந்து, டாக்டரைக் கூப்புடுங்க, டாக்டரைக் கூப்புடுங்கன்னு கெஞ்சுனாருங்க. மொதலாளி யாருக்கோ போன் பண்ணிப் பேசிட்டு வந்து, டாக்டரெல்லாம் வேண்டாம், தானாச் சரியாப் போயிருமின்னுட்டாரு. ராத்திரி பூராவும் இவரு துரையோட தலையை மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாருங்க. அவரு ஊசி போட்டுக் கொன்னாருன்னு சொல்றாங்களே, அந்த வாயி வெளங்குமா?”

“அந்த ஊசி?”

“மைனாவுக்குப் போன வருசம் கால்ல புண்ணு வந்தப்போ கம்பவுண்டர் போட்டுட்டு உட்டுட்டுப் போனதுங்க. கொழந்தைங்க கையில கெடைக்கக் கூடாதுன்னு ஓட்டுல சொருகி வெச்சாரு.”

“தொட்டியை யார் கழுவினது? உங்க வீட்டுக்காரரா?”

ராமாயிக்கு அந்தத் துக்கத்திலும் ஆச்சரியம் தாங்கவில்லை. “அதுதானுங்க அதிசயம். மொதலாளியே கழுவுனாரு. துரை செத்த அன்னைக்கு வெள்ளனே வந்து, வேட்டிய வரிஞ்சு கட்டிக்கிட்டு, தேய் தேய்னு தேச்சாரு. ஒரு சொம்புத் தண்ணிகூடத் தானா மோந்து குடிக்காதவருங்க. மைனா தொட்டியையும் அவரேதான் கழுவுனாரு. அன்னையிலயிருந்து மைனாவுக்குப் பில்லும் கொள்ளுந்தான்.”

மேடம் அவள் பேச்சைக் கேட்டபடியே கை நீட்டி, அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சாக்கைத் திருப்பினார். அதில் மஞ்சளாக ஒரு கோழிக்குஞ்சுப் படம்.

“இது எங்கேயிருந்து வந்தது?”

“லாயத்துக்கு வந்த மூட்டைங்க. பந்தயத்துக்குத் துரைக்குத் தசை ஏறோணும், குஞ்சுத் தீவனத்துல சத்து சாஸ்தின்னு மொதலாளி மில்லுல இருந்து ரெண்டு மூட்டை அனுப்பிச்சாரு. தினமும் துரைக்குக் கொள்ளோட சேத்து வெக்கச் சொன்னாரு. மைனாவுக்கும் வெச்சமுங்க. அது வாய்க்குப் புடிச்சாத்தான் திங்கும், மோந்துட்டுத் தள்ளிருச்சு. ஒரு மூட்டை தீந்து போச்சு, சாக்கை நான் எடுத்துக்கிட்டேன். இன்னொண்ணைத் தொட்டி கழுவுன அன்னைக்கு மொதலாளியே தூக்கிட்டுப் போயிட்டாரு.”

அந்த மில்லில் மூன்று வகைத் தீவனத்துக்கு மூன்று படம். குஞ்சுக்குக் குஞ்சு, விடலைக்கு விடலை, முட்டைக்கோழிக்கு முட்டை. படிக்காதவர்கள்கூட மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்று முதலாளியே யோசித்துச் செய்த ஏற்பாடாம். சாக்கில் குதிரைப் படம் எங்கேயும் இல்லை.

மேடம் எழுந்து வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் துரையைப் புதைத்த மண்மேடு புதுசாக இருந்தது. அதன் மேல் யாரோ அரளிப்பூ வைத்திருந்தார்கள். முதலாளி வைத்திருக்க முடியாது.

“சேகர், கோழிக்குஞ்சுக்கு வர்ற பெரிய வியாதி எது?”

“ஞாயித்துக்கிழமை.”

“ரத்தக்கழிச்சல். குடலுக்குள்ள ஒரு கிருமி கூடு கட்டி உட்கார்ந்துக்கும். அதைக் கொல்றதுக்குக் குஞ்சுத் தீவனத்திலயே சலினோமைசின்னு ஒரு மருந்தைக் கலந்துடுவாங்க. அது எப்படிக் கொல்லுது தெரியுமா?”

“தெரிஞ்சா நான் ஏன் டயர் கடை மாடியில இருக்கேன்?”

“எந்த உயிரணுவுக்கும் ஒரு சுவர் இருக்கு. எந்த உப்பு உள்ளே இருக்கணும், எது வெளியே நிக்கணும்னு அந்தச் சுவர்தான் காவல் காக்குது. இந்த மருந்து சுவருக்குள்ள புகுந்து, உள்ளே இருக்கிறதை வெளியேயும் வெளியே இருக்கிறதை உள்ளேயும் கடத்திவிடும். உப்புக் கணக்கு தப்பிப் போகும். தண்ணி உள்ளே பாயும். உயிரணு வீங்கி வெடிக்கும். கிருமி காலி.”

“கோழிக்கும் அதே சுவர்தானே மேடம்? அது மட்டும் ஏன் வெடிக்கல?”

“பரவாயில்லையே, நல்ல கேள்வி கேக்கறே. கோழியோட கல்லீரல் இந்த மருந்தை வேகமா உடைச்சு வெளியே தள்ளிடும். அளவா கலந்தா உடம்புல ஏறவே ஏறாது. குதிரையோட கல்லீரலுக்கு அந்த வேகம் கிடையாது. மருந்து ரத்தத்திலயே சுத்தும். தசைக்குப் போகும், இதயத்துக்குப் போகும். இதயமும் தசைதானே? அந்தக் கறுப்பு மூத்திரம் இருக்கே, அது உடைஞ்ச தசையோட சாயம்.”

“அப்ப கோழிக்கு மருந்து, குதிரைக்கு விஷம்.”

“மருந்துக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. அது எல்லா உடம்புலயும் ஒரே வேலையைத்தான் செய்யுது. முடிவைப் பார்த்து நாமதான் பேர் வைக்கிறோம்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குதிரை தின்ற தீவனத்தில் விஷம் இருக்கிறதா என்று கோழியைக் கேட்டிருக்கிறார்கள். நாமக்கல்லைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் இந்தக் கூத்து நடந்திருக்காது. அதை ஒரு இன்ஸ்பெக்டர் கூட நின்று பார்த்து, ரிப்போர்ட்டிலும் எழுதிவிட்டார்.

“சரி மேடம், ஆள் வடிகட்டின முட்டாள். போய்ப் பக்குவமாச் சொல்லி, கந்தனை வெளியே எடுத்துடலாம். வழியில கரும்புச் சாறு குடிச்சுட்டுப் போலாம்.”

“முட்டாளா இருந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம்,” என்றார் மேடம். குரலில் சந்தோஷம் இல்லை. “ஊசின்னு நிஜமாவே நம்பறவன் தொட்டியை ஏன் கழுவறான்? மைனாவோட தீவனத்தை ஏன் மாத்தறான்?”

என் சிரிப்பு நின்றுவிட்டது.

“தெரிஞ்சே கந்தனை மாட்டிவிட்டாரா?”

“தெரியும்னு நமக்குத் தெரியுது. நிரூபிக்கணுமே. குதிரை மண்ணுக்குள்ள, தொட்டி பினாயில்ல, மூட்டை அவர் கையில. நம்ம கிட்ட ஒரு காலிச் சாக்குதான் இருக்கு. வாயைத் திறந்து சொல்ற ஆள் இல்லை அவர். உடம்பு சொல்லுதான்னு பார்ப்போம். சேகர், ரோட்டு முனையில மளிகைக் கடை ஒண்ணு பார்த்தேன். ஓடிப் போய் நான் சொல்றதை வாங்கிட்டு வா.”

சொன்னதை வாங்கி வந்தேன். என்னவென்று இப்போது சொல்வதாக இல்லை.

நாங்கள் பங்களாவுக்குள் நுழைந்தபோது இன்ஸ்பெக்டர் தங்கசாமி மூன்றாவது முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார். இலையில் நாட்டுக்கோழிக் குழம்பு. சாட்சிகளில் ஒன்று கோர்ட்டுக்குப் போகும் முன்பே இன்ஸ்பெக்டரின் இலைக்கு வந்துவிட்டது.

“என்னங்க மேடம், சபரிநாதன் சிக்கினாரா?” என்றார் எலும்பைக் கடித்தபடி.

“சிக்கிட்ட மாதிரிதான் சார். அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. தீவனத்துல ஒரு குறையும் இல்லை. கோழி பொய் சொல்லாது.”

முதலாளியின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. “நான் சொன்னனில்லீங்க?”

“ஒரு சின்ன சம்பிரதாயம் மட்டும் பாக்கி. லாயத்துல வெச்சு முடிச்சுடலாம். சார், நீங்களும் வந்தா நல்லது.”

இன்ஸ்பெக்டர் மனசே இல்லாமல் எழுந்து கை கழுவினார். முதலாளி முன்னால் நடந்தார். லாயத்தின் ஓரத்தில் ராமாயி கட்டிய மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மூட்டை இப்போது ஒரு பழைய புடவையில் இருந்தது. முதலாளி அவளைக் கடக்கும்போது, “இன்னும் போகலியா புள்ள?” என்றார்.

நான் குஞ்சுப் படம் போட்ட சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். பாதி நிறைந்திருந்தது. மைனாவின் எதிரில் ஒரு அன்னக்கூடையை வைத்து, சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். மஞ்சளாகப் பொடி விழுந்தது. இன்னொரு கையில் செல்போன் தயாராக இருந்தது.

முதலாளியின் நடை நின்றது. “அது... அது என்னது?”

“உங்க தீவனம்தாங்க. ராமாயி வீட்டுல ஒரு சாக்கு கிடந்துது. நல்ல சத்து, வீணாப் போகுதே. மைனா பாவம், வெறும் புல்லைத் தின்னு இளைச்சுப் போயிருக்கு,” என்றார் மேடம்.

“வேண்டாம் வேண்டாம். அதுக்குப் பசி இல்ல.”

மைனாவுக்கு அந்த விஷயம் சொல்லப்படவில்லை. கழுத்தை நீட்டி மோந்தது.

“அது... வயிறு சரியில்லீங்க அதுக்கு. தம்பி, எடுத்துரு. அக்கட்டால எடுத்துட்டுப் போ.”

“இப்பத்தான் ஒரு வாளி கொள்ளு தின்னுக்கிட்டிருந்ததேங்க,” என்றேன்.

“கோழிக்கு ஒண்ணும் ஆகலையே. மைனாவுக்கு என்ன ஆகப் போகுது?” மேடத்தின் குரல் அப்படியே இருந்தது. “நீங்க சொன்ன ஆதாரம்தானே? சார்கூட ரிப்போர்ட்ல எழுதியிருக்கார்.”

“ஆமாங்கண்ணா, தின்னுட்டுப் போகுது உடுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர், பல்லைக் குத்திக்கொண்டே.

மைனா உதட்டை விரித்து ஒரு வாய் எடுக்கப் போயிற்று.

முதலாளி பாய்ந்தார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக நகரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலால் ஓங்கி ஒரு உதை. அன்னக்கூடை லாயத்துக்கு வெளியே போய் விழுந்தது. மஞ்சள் பொடி அவர் வெள்ளை வேட்டியெல்லாம் அப்பியது. “அதுவும் செத்துப் போயிருமுங்க!” என்று கத்தினார்.

கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

பொடக்காலிக் கோழிகள் எங்கிருந்தோ ஓடி வந்து சிந்தியதைக் கொத்த ஆரம்பித்தன. இன்ஸ்பெக்டரின் வாயில் பல்குச்சி அப்படியே நின்றது.

“சேகர், எடுத்தியா?”

“குரல், உதை, வேட்டி எல்லாம் தெளிவா விழுந்திருக்கு மேடம்.”

“பயப்படாதீங்க,” என்றார் மேடம் முதலாளியிடம். “அது மளிகைக் கடை மக்காச்சோள மாவும் தவிடும். மைனாவுக்கு நான் விஷம் வைப்பேனா? நான் என்ன பண்ணைக்காரியா?”

நவநீதகிருஷ்ணன் லாயத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். போடும்போது அவருக்குத் தெரியாது. துரை நடுங்க ஆரம்பித்ததும் மருந்து ஏஜெண்டுக்குப் போன் போட்டிருக்கிறார். ஐயோ, குதிரைக்கு அதைக் காட்டவே கூடாதே என்று அவன் அலறியிருக்கிறான்.

“அப்பவே டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே? இதுக்கு மாற்று மருந்து கிடையாதுதான். ஆனா வயித்துல இருந்ததை வெளியேத்தப் பார்த்திருப்பாங்க. பிழைக்க ஒரு வழியாவது இருந்திருக்கும்.”

“டாக்டர் வந்தா என்ன போட்டீங்கன்னு கேப்பாருங்களே அம்மணி.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்றதுங்களா?” முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது துக்கம் இல்லை, நிஜமான திகில். “முப்பது வருசமா கோழித் தீவனத்துல ஊறுனவன் நான். கோழித் தீவனம் போட்டுக் குதிரையக் கொன்னுட்டான்னு இந்த ஊரு சிரிக்காதுங்களா? சபரிநாதன் சிரிப்பானுங்களே!”

இதற்குத்தான். காசுக்காக இல்லை, பகைக்காக இல்லை. நாலு பேர் டீக்கடையில் சிரித்துவிடுவார்களே என்று ஒரு குதிரையைத் துடிக்கத் துடிக்கச் சாகவிட்டு, அதை மடியில் வைத்து அழுதவனைச் சிறைக்கு அனுப்பத் துணிந்திருக்கிறார். எனக்கு எப்போதும் ஏதாவது நக்கல் வாயில் இருக்கும். அன்றைக்குக் காறித் துப்பத்தான் தோன்றியது.

“கோழிச் சோதனையும் நாடகம்தானே?” என்றார் மேடம். “நான் முதல்ல உங்களை முட்டாள்னு நெனச்சு மன்னிச்சிருந்தேன். கோழி சாகாதுன்னு இந்த ஊர்லயே உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அதனாலதான் கோழிக்குக் கொட்டினீங்க. பக்கத்துல நிக்கறதுக்கு ஒரு தொப்பி போட்ட ஆளையும் பிடிச்சீங்க.”

தொப்பி போட்ட ஆள் தொண்டையைச் செருமினார். “நான் என்னங்க மேடம் பண்றது? அண்ணன் சொன்னாப்ல...”

“அண்ணன் குடுத்தது பொய்ப் புகார்னு வீடியோவே இருக்கு. கந்தன் கோர்ட்டுப் படி ஏறினா இதுவும் பின்னாலயே ஏறும். அப்ப உங்க ரிப்போர்ட்டை நீதிபதி படிப்பார். கோழி சாட்சி சொன்ன ரிப்போர்ட்.”

தங்கசாமி அடுத்த நொடி போனை எடுத்துவிட்டார். “யோவ், அந்தக் கந்தன் இருக்கானில்ல... கெளம்பிட்டீங்களா? நிறுத்து, நிறுத்து. ஜீப்பைத் திருப்பு. ஆமாய்யா, உட்ரு. டீ வாங்கிக் குடுத்துப் பண்ணைக்குக் கூட்டியா.” பிறகு முதலாளியைப் பார்த்தார். சாப்பிட்ட கோழி இன்னும் செரித்திருக்காது, அதற்குள் அந்தப் பார்வையில் ‘அண்ணன்’ செத்துப் போயிருந்தார். “சார், நீங்க ஸ்டேஷன் வரைக்கும் வர வேண்டியிருக்கும். எழுதிக் குடுக்க வேண்டியது இருக்குது.”

ராமாயி அதுவரை அசையவில்லை. ஜீப்பைத் திருப்பச் சொன்னது காதில் விழுந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு தடவை குலுங்கினாள். அப்புறம் முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

முதலாளி அவசரமாக எழுந்தார். வேட்டியில் மாவு உதிர்ந்தது. “ராமாயி, எங்க போற? மூட்டைய உள்ள வெய்யி. நீங்க எங்கயும் போக வேண்டாம். கந்தன் வந்ததும் பழையபடி இருங்க. ஊட்டை நல்லா ஓடு மாத்தித் தாரேன்.”

ராமாயி அவரைப் பார்த்தாள். அவளுக்கு அவர் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அதைவிடக் கீழான இடத்தில் அவரை வைத்துவிட்டிருந்தாள்.

“மைனாவுக்கு யாரு தண்ணி காட்டுவாங்கன்னு கவலப்பட்டுத்தானுங்க இத்தன நேரம் போகாம ஒக்காந்திருந்தேன்,” என்றாள். “இனி அந்தக் கவல இல்லீங்க. நீங்களே காட்டுங்க. தொட்டி கழுவத்தான் நல்லாப் பழகிட்டீங்களே.”

அவள் ரோட்டைப் பார்த்து நடந்தாள். ஜீப் வருகிற திசையில் போய் நின்றுகொண்டாள். லாயத்துக்குள் மைனா கனைத்தது. நவநீதகிருஷ்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். வாளி எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.